கொலுப்படியில் இரண்டு தண்டவாளங்கள்

நவராத்திரி வந்துவிட்டால் தலைநகரில் வாழும் நம் தமிழ் இல்லங்களில் படிகள் எழும்பும். மேற்படிகளில் தெய்வ உருவங்கள் வீற்றிருக்க, படிகளுக்குக் கீழே பிள்ளைகளுக்கென்று ஓர் உலகம் விரியும். கேழ்வரகு முளைத்த சிறு வயல், கண்ணாடித் துண்டால் ஆன குளம், கோபுரம், கடைத்தெரு. இவற்றைச் சுற்றி வட்டமிடும் ஒரு பொம்மை ரயில். எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் இல்லத்துக் கொலுவிலும் அப்படியொரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கரிய நிறம், உயர்ந்த புகைபோக்கி, சிவந்த சக்கரங்கள், பின்னால் மூன்று பெட்டிகள். அந்த ரயில் எந்த நாட்டில் ஓடியதென்று எவரும் கேட்டதில்லை. நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரியின்போது, அப்பொழுது பன்னிரண்டு வயது நிரம்பியிருந்த எங்கள் பெயர்த்தி அந்த ரயிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்களும் பாட்டியும் டில்லிக்கு வந்த ரயில் இதுதானா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். "அப்படியானால் அது எப்படி இருந்தது?" என்பது அடுத்த வினா. டீசல் எஞ்சின் என்று ஒருவர் தொடங்க, பெட்டிகளின் நிறம் நீலம் என்று அவரே தொடர, இல்லை, செம்பழுப்பு என்று மற்றவர் மறுக்க, அந்த மாலைப்பொழுது எங்கள் இருவருக்குமிடையே ஒரு வழக்காகவே முடிந்தது. ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லி மகிழ்ந்த பயணம் அது. அதன் உருவத்தைக் கேட்டவுடன் நம்மிடம் விடை இல்லை என்பது உறுத்திற்று. அந்த உறுத்தலிலிருந்துதான், அட்டையும் பசையும் அளவுகோலும் கொண்டு, நாங்கள் வந்த வண்டியைச் சிற்றுருவாகச் செய்து பார்க்கும் முயற்சி தொடங்கியது. அம்முயற்சியின்வழி நாங்கள் அறிந்துகொண்ட வரலாற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிய ஊர்தியைச் சிறிதாகச் செய்து மகிழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறிய தேரை உருட்டி விளையாடிய காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிள்ளைத்தமிழ் நூல்கள் சிறுதேர் உருட்டுதலை ஆண்பாற் பிள்ளைப் பருவங்களுள் ஒன்றாகவே வைத்தன. தேர் ஓடிய நாட்டில் சிறுதேர். ரயில் ஓடிய நாட்டில் சிறுரயில். ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டுப் பொருளுக்குச் சாயல் போதும். சிற்றுருவுக்கு அளவு வேண்டும். அளவு வேண்டுமென்றால் உண்மை வேண்டும்.

கடல் கடந்து வந்த எஞ்சின்

நம் நாட்டு முதன்மைப் பாதைகளில் பெரிய டீசல் எஞ்சின்கள் தோன்றிய கதை 1950களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்னும் நகரில் 1901ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமாக 'ஆல்கோ', 1957ஆம் ஆண்டு முதல் நூறு எஞ்சின்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1,950 குதிரைத்திறன் கொண்ட அவற்றுக்கு டபிள்யூ.டி.எம்.-1 என்று பெயர். வளைந்த மூக்கும் ஒரே பக்கத்தில் ஓட்டுநர் அறையும் கொண்டவை அவை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1962ஆம் ஆண்டில், அதே நிறுவனம் வடிவமைத்த டபிள்யூ.டி.எம்.-2 வந்தது. நம்மில் பலர் 'டீசல் எஞ்சின்' என்றவுடன் மனக்கண்ணில் காண்பது இதனையே.

இப்பெயர்களில் உள்ள எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. டபிள்யூ என்பது அகலப் பாதையைக் குறிக்கும். ஒய் என்பது மீட்டர்ப் பாதையை. டி என்பது டீசல். எம் என்பது பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் பொதுவானது என்பதன் அடையாளம். இறுதி எண் அவ்வகையில் எத்தனையாவது வடிவம் என்பதைத் தெரிவிக்கும். ஆகவே டபிள்யூ.டி.எம்.-2 என்பது அகலப் பாதையில் ஓடும் பொதுப்பணி டீசல் எஞ்சின்களுள் இரண்டாவது வகை என்றாகிறது.

டீசல் எஞ்சின் நேரே சக்கரத்தைச் சுழற்றுகிறது என்றுதான் நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மையில் நடப்பது வேறு. பதினாறு சிலிண்டர்கள் கொண்ட பெரிய எஞ்சின் டீசல் எண்ணெயை எரித்து ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அதிலிருந்து பிறக்கும் மின்சாரம், ஆறு அச்சுகளிலும் பொருத்தப்பட்ட ஆறு மோட்டார்களுக்குப் பாய்ந்து சக்கரங்களை ஓட்டும். சுருங்கச் சொன்னால், தனக்கு வேண்டிய மின்நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் வண்டி அது. 2,600 குதிரைத்திறனும், ஏறத்தாழ 113 டன் எடையும், மணிக்கு 120 கிலோமீட்டர் வரை செல்லும் ஆற்றலும் உடையது. நீராவி எஞ்சினைப் போல வழியெங்கும் தண்ணீர்த் தூண்களை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. கரி அள்ளிப் போடும் உழைப்பும் இல்லை. அந்த உழைப்பையே வாழ்வாகக் கொண்டிருந்த தீயாளர்கள் மெல்ல மறைந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வெளிநாட்டிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்க இயலாதென்று உணர்ந்த இந்திய ரயில்வே, ஆல்கோவின் தொழில்நுட்ப உதவியுடன் வாரணாசியில் 1961ஆம் ஆண்டு டீசல் எஞ்சின் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. 1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்கிருந்து முதல் எஞ்சின் வெளிவந்தது. அதன்பின் 1990கள் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள் இந்த மண்ணில் ஓடின. மறுபுறம், சித்தரஞ்சனில் அகலப் பாதைக்கான நீராவி எஞ்சின் தயாரிப்பு 1970ஆம் ஆண்டில் முடிவுற்றது. அந்த இறுதி எஞ்சினுக்கு 'அந்திம் சிதாரா', அதாவது 'கடைசி விண்மீன்', என்று பெயர் சூட்டினர்.

இவ்வரலாற்றைத் தொகுத்தபோது எங்களை நெடுநேரம் நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. எஞ்சினைப் பெற்றெடுத்த ஆல்கோ நிறுவனம் தன் நாட்டுப் போட்டியில் தோற்று, 1969ஆம் ஆண்டிலேயே எஞ்சின் தொழிலை மூடிவிட்டது. பிறந்த வீட்டில் விளக்கு அணைந்த பின்னரும், புகுந்த நாட்டில் அதன் வழித்தோன்றல்கள் அரை நூற்றாண்டு உழைத்தன. வாரணாசித் தொழிலாளர் அவ்வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டு, ஆற்றலைக் கூட்டி, புதிய வகைகளையும் படைத்தனர். ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே மூன்றாம் தலைமுறையைக் கண்டுகொண்டிருக்கும் நம் போன்றோர்க்கு இச்செய்தி வெறும் எந்திரச் செய்தியாகத் தோன்றவில்லை.

எழும்பூரும் சென்ட்ரலும்

நாங்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டது 1974ஆம் ஆண்டுக் கோடையில். அந்நாளில் தமிழகத்தின் தெற்குப் பகுதியிலிருந்து வடக்கே வந்த எவருக்கும் பயணம் இரண்டு துண்டுகளாகவே அமைந்தது. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களிலிருந்து சென்னைக்கு மீட்டர்ப் பாதை. அது எழும்பூரில் முடியும். டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்லும் அகலப் பாதையோ சென்ட்ரலில் தொடங்கும். ஒன்றில் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 1,000 மில்லிமீட்டர், மற்றொன்றில் 1,676. ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஏறாது. எனவே இடைப்பட்ட சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவை ஹோல்டாலும் தகரப்பெட்டியும் தண்ணீர்க் கூஜாவும் சுமந்துகொண்டு, ரிக்‌ஷாவிலோ குதிரை வண்டியிலோ டாக்சியிலோ நாம் கடந்தோம். நம்மை வழியனுப்ப வந்தவர்கள் இருந்தது முதல் நடைமேடையில். மொழி தெரியாத முகங்கள் இருந்தது இரண்டாவது நடைமேடையில். ஊர் எங்கே முடிந்தது என்று கேட்டால், நம்மில் பலர் எழும்பூரில் என்றே சொல்லக்கூடும்.

மீட்டர்ப் பாதைக்கும் ஆல்கோ ஒரு தம்பியைத் தந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் வந்த ஒய்.டி.எம்.-4 என்னும் அந்த எஞ்சின், ஆறு சிலிண்டர்கள் கொண்டது. திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலை அதன் இல்லங்களுள் ஒன்று. 1928ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவரும் ரயில்வே பணிமனையின் சங்கொலி கேட்டே அச்சுற்றுப்புறத்து மக்கள் நேரம் அறிந்தனர். 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே தொடங்கப்பெற்ற வைகை எக்ஸ்பிரசை இழுத்து, குறுகிய பாதையிலும் விரைவு காணலாம் என்று காட்டியது இவ்வகை எஞ்சினே.

எங்கள் நினைவுக்கு விழுந்த முதல் அடி இங்கேதான். திருச்சியில் பூட்டிய டீசல் எஞ்சினே எங்களை எழும்பூர் வரை கொண்டுவந்து சேர்த்ததென்று நாங்கள் உறுதியாக நம்பியிருந்தோம். ஆனால் தாம்பரத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மீட்டர்ப் பாதை 1960களிலேயே மின்மயமாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த மின்சார எஞ்சின்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. விழுப்புரத்தில் டீசலைக் கழற்றி மின்சார எஞ்சினைப் பூட்டுதல் பல வண்டிகளுக்கு வழக்கமாயிருந்தது. இதனைப் படித்தவுடன் எங்களுள் ஒருவர், "அதனால்தான் விழுப்புரத்தில் வண்டி அவ்வளவு நேரம் நின்றது!" என்றார். இரவில், கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழ, சன்னலருகே ஒருவர் கொணர்ந்த சூடான பாலை வாங்கிக் கொடுத்தது நினைவிருந்தது. வண்டி ஏன் நின்றதென்பது நினைவில் இல்லை. எங்களை எழும்பூரில் சேர்த்தது டீசலோ மின்சாரமோ, இன்று உறுதியாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. பால் உண்மை, எஞ்சின் ஐயம். நினைவு தனக்கு வேண்டியதை மட்டுமே வைத்துக்கொள்கிறது.

எண்பத்தேழில் ஒரு பங்கு

சிற்றுரு ரயில் செய்வோர் உலகெங்கும் சில பொது அளவுகளைக் கைக்கொள்கின்றனர். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில்களுக்கு ஒழுங்கான தண்டவாள அளவுகளை அறிமுகம் செய்தது. அவ்வரிசையில் பின்னர் 'பூச்சியம்' என்று ஓர் அளவு நிலைபெற, அதில் பாதி என்ற பொருளில் 'எச்.ஓ.' அளவு பிறந்தது. அதன்படி எதையும் 87இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். நாங்களும் இதனையே தேர்ந்துகொண்டோம். காரணம் எளிது, அந்த அளவுக்கான தண்டவாளமும் சக்கரமும் விலைக்குக் கிடைக்கும்.

கணக்கு தொடங்கிற்று. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் நீளம் 17.12 மீட்டர், சிற்றுருவில் 197 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவு. பயணிகள் பெட்டியின் நீளம் 21.337 மீட்டர், சிற்றுருவில் 245 மில்லிமீட்டர். அகலப் பாதை 19 மில்லிமீட்டராகும். மீட்டர்ப் பாதை 11.5 மில்லிமீட்டராகும். கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அகலமாகிய 1,435 மில்லிமீட்டரைக் குறைத்துச் செய்தது. ஆகவே நம் நாட்டு எஞ்சினை அதில் ஏற்றினால், பருத்த உடல் ஒல்லியான கால்களில் நிற்பதுபோலத் தோன்றும். அயலகத் தண்டவாளத்தில் இந்திய எஞ்சினை ஓடவிடும் சிற்றுருவாளர் எவரும் இந்தச் சமரசத்தைச் செய்தே ஆகவேண்டும். நாங்களும் செய்தோம். மீட்டர்ப் பாதைக்கு 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்திற்று.

கணக்கின் நடுவே ஒரு வியப்பும் கிட்டியது. 1,676 மில்லிமீட்டர் என்பது ஐந்தடி ஆறு அங்குலம். நம் நாட்டு அகலப் பாதையின் அகலமும் நடுத்தர உயரமுள்ள ஓர் ஆளின் உயரமும் ஒன்றே. ஆகவே சிற்றுருவில் மனிதனும் 19 மில்லிமீட்டர். தீக்குச்சியில் பாதிக்கும் குறைவு. அத்துணைச் சிறிய உருவங்களையும் எங்கள் பெயர்த்தி மெழுகினால் செய்து வண்ணம் தீட்டினாள்.

பெரம்பூர்ப் பெட்டிகள்

பெட்டிகளைப் பொறுத்தவரை தமிழகத்துக்கு நேரான உரிமை உண்டு. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகர நிறுவனம் ஒன்றின் துணையோடு சென்னை பெரம்பூரில் அமைக்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையை, 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பண்டித நேரு திறந்துவைத்தார். அங்கே உருவான எஃகுப் பெட்டிகளே நாட்டின் நான்கு திசைகளிலும் ஓடின. காசுமீரத்தானும் வங்காளியும் குசராத்தியும் பயணம் செய்த பெட்டியின் ஓரத்தில் பெரம்பூரின் முத்திரை இருந்தது. நாம் வடக்கே வருவதற்கு முன்பே நம் ஊர்ப் பெட்டிகள் வந்துவிட்டன எனலாம்.

பெட்டியின் சுவருக்கு எந்த அட்டை ஏற்றது என்று பலவற்றைச் சோதித்தோம். இறுதியில் வெற்றிபெற்றது திருமண அழைப்பிதழ். தடிப்பும் வழவழப்பும் அதற்கு உண்டு. நம் இல்லங்களில் குறைவின்றிக் கிடைக்கும். சுவரின் வெளிப்புறம் செம்பழுப்பு வண்ணம். உட்புறம் எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு முகூர்த்த நாளும் மண்டபமும் தெரியும். சன்னல்களின் கிடைக்கம்பிகளுக்குப் பசை தோய்த்த தையல் நூல். கூரையின் மேலுள்ள காற்றுப்போக்கிகளுக்கு உடைத்த உளுந்து. பெட்டிகளுக்கிடையே உள்ள மடிப்புப் பாதைக்குக் கறுப்புத் தாள். சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டராதலால் சிற்றுருவில் பத்தரை மில்லிமீட்டர் வேண்டும். சட்டைப் பொத்தான் அவ்வளவே இருக்கக் கண்டு மகிழ்ந்து, பொத்தான்களையே பொருத்தினோம். முதல் வளைவிலேயே பெட்டி கவிழ்ந்தது. ரயில் சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள விளிம்பே வண்டியைத் தண்டவாளத்தில் நிறுத்துகிறது என்னும் அடிப்படைப் பாடத்தை இரண்டு ரூபாய்ப் பொத்தான் எங்களுக்குக் கற்பித்தது. பின்னர் விலைக்கு வாங்கிய சக்கரங்களே கைகொடுத்தன.

நிற வழக்கும் இங்கே தீர்ந்தது. பழைய ஒளிப்படங்களைப் பார்த்தபோது, எங்கள் காலத்துப் பெட்டிகள் செம்பழுப்பே என்பது உறுதியாயிற்று. நீலம் பரவலானது 1990களில். பின்னாளில் ஊருக்குப் போய்வந்த பயணங்களின் நீலத்தை எங்களுள் ஒருவர் முதற்பயணத்தின்மீது பூசிவிட்டார். தோற்றவர் வழக்கை ஒப்புக்கொண்டு, அபராதமாக ஆறு பெட்டிகளுக்கும் தாமே வண்ணம் தீட்டினார்.

எஞ்சினுக்கு ஒளிப்படங்கள் மட்டும் போதவில்லை. தலைநகரில் சாணக்கியபுரியில் 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பெற்ற தேசிய ரயில் அருங்காட்சியகம் துணைநின்றது. ஒரு மீட்டர் நீளக் கோலைப் பெயர்த்தி பிடித்துக்கொண்டு எஞ்சினருகே நிற்க, நாங்கள் படம் எடுத்தோம். கோல் தெரிவதால், ஏணிப்படியின் இடைவெளி, கைப்பிடியின் உயரம், விளக்கின் அளவு எல்லாவற்றையும் படத்திலிருந்தே கணக்கிட முடிந்தது. நின்றுபோன எஞ்சினின் அருகே நின்றபோது எங்களுக்கு ஒன்று குறைவாகப் பட்டது. ஒலி. ஆல்கோ எஞ்சின் நிற்கும்போது ஒரே சீராக ஒலிப்பதில்லை. இருமல் கொண்ட முதியவர் மூச்சு வாங்குவதுபோல விட்டுவிட்டு ஒலிக்கும். ஓட்டுநர் கைப்பிடியை எட்டு நிலைகளில் ஒவ்வொன்றாக ஏற்றும்போது, எண்ணெய் முந்திக்கொண்டு பாயும். அதற்கேற்ற காற்றைத் தரவேண்டிய டர்போ சுழலி வேகம் பெறச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் கரும்புகை தூணாக எழும். நாம் சன்னலோரம் அமர்ந்து கண்டது அந்த இடைவெளியைத்தான். எங்கள் சிற்றுருவில் பழைய ஒலிநாடாக் கருவியின் மோட்டார் சுழல்கிறது. அது ஓடும், இருமாது.

சென்று தேய்ந்த காலம்

1929ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், பின்னர் சென்னைக்கும் டில்லிக்கும் உரியதாகி, தலைநகர்த் தமிழர் வாழ்வில் 'ஜி.டி.' என்ற இரண்டெழுத்தாகக் கலந்தது. விசயவாடா, காசிப்பேட்டை, பல்லார்ஷா, நாகபுரி, இட்டார்சி, போபால், ஜான்சி என்று ஊர்ப்பெயர்களையே நாள்காட்டியாகக் கொண்டு இரண்டு இரவுகள் அதில் கழித்தோம். முதல் நாள் புளியோதரை, மறுநாள் தயிர்சாதம், நாகபுரியில் ஆரஞ்சுப்பழம் என்பது எழுதாத சட்டம். 1976ஆம் ஆண்டில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்து பயணத்தைக் குறுக்கியது. பின்னர்ப் பெட்டிகள் பெருகியபோது இரண்டு டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டு அதனை இழுத்த காட்சியைப் பலர் கண்டிருப்பர்.

எல்லாம் மாறின. மாறவேண்டிய காரணங்களும் இருந்தன. டீசல் எண்ணெய்க்கு அயல்நாட்டை எதிர்நோக்க வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் அதன் ஆபத்தை உணர்த்திற்று. பாதைகள் ஒவ்வொன்றாக மின்மயமாயின. இன்று நாட்டின் அகலப் பாதையில் மிகப் பெரும்பகுதி மின்கம்பியின் கீழ் உள்ளது. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தால் தமிழகத்தின் மீட்டர்ப் பாதைகள் அகலப் பாதைகளாயின. வேலையிழந்த ஒய்.டி.எம்.-4 எஞ்சின்களுள் சில மியன்மாருக்கும் மலேசியாவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றன. பெரம்பூர் 2018ஆம் ஆண்டு சனவரியில் தன் பழைய வடிவப் பெட்டிகளின் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. மின்சார எஞ்சின்கள் செய்யத் தொடங்கிவிட்ட வாரணாசித் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே 'டீசல்' என்ற சொல் 2020ஆம் ஆண்டில் நீங்கிற்று.

இவற்றுக்காக நாம் வருந்தவேண்டுவதில்லை. கன்னியாகுமரியில் ஏறித் தலைநகரில் இறங்கும்படியாகத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஓடும் காலம் இது. எழும்பூரில் இறங்கி மூட்டை தூக்கியவர் எவரும் அந்த வசதியைப் பழிக்கமாட்டார். ஆனால் வசதி வந்த பிறகு, முன்னிருந்த இடர்ப்பாடு எத்தகையது என்பதையும் மறந்துவிடுகிறோம். அதை மறந்தால், இங்கு வந்து வேரூன்றியவர்கள் எதைக் கடந்து வந்தார்கள் என்பது பிள்ளைகளுக்கு விளங்காது. எஞ்சின் எண்களும் உற்பத்திக் கணக்குகளும் அரசின் ஏடுகளில் இருக்கும். விழுப்புரத்துப் பாலும் எழும்பூர் ரிக்‌ஷாவும் எந்த ஏட்டிலும் இரா.

எதிர்வீட்டு எழும்பூர்

அடுத்த நவராத்திரிக்குள் இரண்டு வண்டிகளும் ஆயத்தமாயின. ஆறு செம்பழுப்புப் பெட்டிகளோடு டபிள்யூ.டி.எம்.-2, நான்கு பெட்டிகளோடு ஒய்.டி.எம்.-4. இரண்டு நிலையங்களையும் படியின் கீழே அருகருகே அமைக்கலாம் என்றோம். பெயர்த்தி ஒப்பவில்லை. "இரண்டு கிலோமீட்டரை 87ஆல் வகுத்தால் 20 மீட்டருக்கு மேல் வருகிறதே, பக்கத்தில் வைத்தால் பொய்யாகிவிடாதா?" என்றாள். சென்னையிலிருந்து டில்லி வரையுள்ள ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரையும் அவள் வகுத்துப் பார்த்திருந்தாள். அது 25 கிலோமீட்டர் வந்ததால் அதை மட்டும் மன்னித்துவிட்டாள்.

எங்கள் கூடம் ஐந்து மீட்டர் நீளமே உடையது. என்ன செய்வதென்று திகைத்திருந்தபோது, எதிர்வீட்டுத் தமிழ் அம்மையார் தம் கொலுவின் ஓரத்தைத் தருவதாகச் சொன்னார். அவர் வீட்டின் உள்ளறை மூலையிலிருந்து, மாடிப்படி முற்றத்தைக் கடந்து, எங்கள் பின்னறை மூலை வரை நாடா பிடித்து அளந்தோம். இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. போதும் என்று பெயர்த்தி இசைந்தாள். அங்கே எழும்பூர், இங்கே சென்ட்ரல்.

அவ்வாண்டு தாம்பூலம் வாங்க வந்தவர்கள் முதலில் எதிர்வீட்டில் மீட்டர்ப் பாதை வண்டியைக் கண்டனர். அங்கே ஒரு தட்டில் இருந்த மெழுகு மனிதர்களுள் ஒருவரை எடுத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து வந்து, எங்கள் இல்லத்துச் சென்ட்ரல் நடைமேடையில் நிறுத்தவேண்டும் என்பது பெயர்த்தி வகுத்த விதி. முதலில் சிரித்தார்கள். பிறகு பேசத் தொடங்கினார்கள். கழுத்துச் சங்கிலியை விற்றுப் பயணச்சீட்டு வாங்கியதை ஓர் அம்மையார் சொன்னார். எழும்பூரில் இறங்கியபோது தம் தந்தையார் இறந்த தந்தி காத்திருந்ததையும், திரும்பிச் செல்லக் காசில்லாமல் சென்ட்ரலுக்கே நடந்ததையும் ஒரு பெரியவர் சொன்னார். நாற்பதாண்டுப் பழக்கத்தில் அதனை அவர் எங்களிடம் சொன்னதேயில்லை. அவர் கொண்டுவந்த மெழுகு உருவத்தை நடைமேடையில் வைக்காமல் சற்று நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். பெயர்த்தி அவசரப்படுத்தவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பயணங்கள் உறங்கிக்கொண்டிருக்கும். எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்த வண்டி, கையில் என்ன இருந்தது, யார் வழியனுப்பினார்கள் என்பவற்றைப் பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். இயன்றால், ஒரு பெட்டியேனும் செய்து பார்ப்போம். அழைப்பிதழ் அட்டையும் அளவுகோலும் போதும். நினைவு தவறும் இடத்தை அளவுகோல் காட்டிவிடும். எங்கள் கொலுவில் அந்த இரண்டு வண்டிகளும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. எழும்பூர் இன்றும் எதிர்வீட்டில்தான் இருக்கிறது.